வெனபிள் சத்தியம் செய்த வேதாகமம்

கொலையுண்ட ஆகஸ்டஸ் வெனபிள், தம் கொலை வழக்கின் நான்காம் நாள் காலை, நீதிமன்றத்துக்குக் கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அது 1911 ஆகஸ்ட் மாதம். அலபாமாவின் போர்ட் கெர்ஷா நகரமே அந்த வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து வெள்ளையர் இருக்கைகள் விடிந்ததுமே நிறைந்துவிட்டன. எனவே அவர், புதைத்தபோது போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு படியேறி, எங்கள் கறுப்பு மக்கள் உட்காரும் மாடத்துக்கு வந்தார். பதினோரு வாரம் மண்ணுக்குள் இருந்ததில் அவர் நிறம் ஆற்றுச் சேற்றின் நிறமாகியிருந்தது. சலவைக்காரி லுட்டீஷியா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உசுரோட இருந்தப்ப நம்ம தெருப்பக்கம் எட்டிப் பாத்ததில்ல. செத்ததும் மாடி ஏறி வந்துட்டாரு பாரு," என்றாள்.

"கீழ எடமில்லம்மா," என்றார் வெனபிள்.

கூண்டில் நின்றவர் எங்கள் பெரியத்தை சிப்போரா டாலிவர். வெனபிள் வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் சமைத்தவர். அவர் பரிமாறிய கோழிச் சோற்றில் விஷம் இருந்தது, அதைத் தின்றுதான் எஜமானர் மேசையிலேயே செத்தார் என்று புகார் கொடுத்தவன் எஜமானரின் அண்ணன் மகன் லமார். தூக்குதான் என்று கீழே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அரசு வக்கீல் அவரை வெறுமனே சிப்போரா என்றே கூப்பிட்டார். எங்கள் பெண்களை மிசஸ் போட்டு அழைப்பது வெள்ளையர் வழக்கமில்லை. பெரியத்தையின் வக்கீல் கல்பெப்பர், "தெரியாம நடந்துபோச்சுன்னு ஒத்துக்கங்க, உசுராவது மிஞ்சும்," என்று கெஞ்சிப் பார்த்தார்.

"என் சோத்துல விஷம்னு என் வாயாலயே சொல்லணுமா? அதுக்குக் கயித்தையே கொண்டாங்க."

அவர் அழுததாகப் பத்திரிகையில் வந்தது பொய். அழவில்லை.

வெனபிள் சாட்சி சொல்ல எழுந்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. சிக்கல் வேதாகமத்தில் வந்தது. அங்கே சத்தியம் செய்ய இரண்டு வேதாகமங்கள் இருந்தன; வெள்ளையருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. சேற்று நிறத்தவருக்கு எதைக் கொடுப்பது என்று எழுத்தருக்குத் தெரியவில்லை. சட்டப் புத்தகங்களைப் பார்க்க நீதிபதி இரண்டு நாள் ஒத்திவைத்தார். அந்த இரண்டு நாளும் வெனபிள் மாடத்திலேயே இருந்தார். வெயில் கடுமை என்பதால் லுட்டீஷியா வந்து அவருக்கும் சேர்த்து விசிறினாள். புத்தகங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே இறங்கி வந்து, எங்கள் வேதாகமத்தின்மேல் கை வைத்தார்.

"ஐயா, மாத்தித் தொட்டுட்டீங்க!" என்று எழுத்தர் பதறினார்.

"வெள்ளக்காரங்க வேதாகமத்துமேல கைய வெச்சு வரிசையாப் பொய் சொல்லியிருக்காங்க. இத இன்னும் யாரும் தொடவே இல்லையே."

உண்மைதான். அந்த வழக்கில் எங்களவரில் ஒருவரைக்கூட அதுவரை சாட்சிக்கு அழைக்கவில்லை.

"மிசஸ் டாலிவர் சோறு என்னைக்கும்போல நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் வெனபிள். "ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கினேன். பாஷாணம் இருந்தது லமார் ஊத்திக் குடுத்த விஸ்கியில. கசந்துச்சு. மட்டமான சரக்குன்னு நெனச்சுக் குடிச்சுட்டேன்."

சுருக்கெழுத்தர் மிசஸ் என்ற சொல்லில் பேனாவை நிறுத்தி நீதிபதியைப் பார்த்தார். எழுதும்படி நீதிபதி தலையசைத்தார். லமார் கதவை நோக்கி நடந்தான். அங்கே ஷெரிப் நின்றிருந்தார். ஜூரிகள் ஏழு நிமிடத்தில் திரும்பி வந்து பெரியத்தையை விடுவித்தார்கள்.

அவர் அதன்பிறகு எந்த வீட்டிலும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வசந்தத்தில் ஆற்றோரத் தெருவில் சாப்பாட்டுக் கடை திறந்தார். பலகையில் 'மிசஸ் டாலிவர்' என்று ஓரடி உயர எழுத்து. கொலையுண்டவரே சத்தியம் செய்து மெச்சிய சமையல் வேறெங்கும் இல்லாததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இறந்தவர்களும் வரத் தொடங்கினார்கள். யாருக்கும் தனி மேசை அங்கே கிடையாது. காலியான நாற்காலியில் உட்காருகிறார்கள். சாப்பிடுவதில்லை, மணத்தோடு திருப்தி. வாசலில் வரிசை நீண்டால் தாங்களாகவே எழுந்து இடம் விடுகிறார்கள்.