கப்பல்காரர் வளர்த்த குடை

முழங்கால் தேய்ந்துபோய், வேலையை விட்டுவிட்டு, கப்பல்காரர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே அவர் உட்கார ஒரு நாற்காலி இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. மனைவியும் மகளுமாக இரண்டு பேர் வாழ்ந்த வீடு. சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகளே இருந்தன. மூன்றாவதை அவருடைய மனைவி தையல் இயந்திரத்தின் முன்னால் போட்டுக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தெருவில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்றார்கள், ஏதோ மேல்தளத்தில் நின்று திசை பார்த்துக்கொண்டிருந்தவர் போல. உண்மையில் அவர் சரக்குக் கப்பல்களில் சமையல்காரர். அடுக்களைக்குள் நுழைந்தால் மதியச் சாப்பாடு, அது முடிந்தால் இரவுச் சாப்பாடு, நடுவில் ஒரு குட்டித் தூக்கம். அங்கே இருந்த ஒரே வட்ட சன்னலும் ஆவி படிந்து எப்போதும் வெளுத்துக் கிடக்கும். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது ஆடும்போது குழம்புப் பாத்திரத்தை எப்படி இழுத்துக் கட்டுவது என்பதுதான்.

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவருக்குக் கை அரித்தது. அடுக்களையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆரம்பித்தார். டப்பாக்களை இடம் மாற்றினார், கரண்டிகளை நீளவாரியாக மாட்டினார், மூன்று பேருக்கு முப்பது பேர் சமையலைச் செய்துவைத்தார். அது முடிந்ததும் முன்னறைக்கு வந்தார். மனைவி அங்கேதான் தைப்பாள். ரவிக்கை, சட்டை, பள்ளிச் சீருடை என்று அக்கம்பக்கத்துத் துணிகள் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். ஒருநாள் அவள் நூல்கண்டுகளை அவர் நிறவாரியாக அடுக்கிவைத்தார். அவளோ எந்த நூல் யாருடைய துணிக்கு என்று ஒரு கணக்கில் போட்டுவைத்திருந்தாள். மாலையில் ஒரு வாடிக்கையாளர் பாதி தைத்த சட்டைக்காகக் காத்திருக்க, அவள் நூலைத் தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விருந்தாளின்னா ரெண்டு நாள்ல கிளம்பிருவாங்க. வீட்டு ஆளுன்னா எது எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். நீங்க ரெண்டுலயும் சேராம இருக்கீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. அடுத்த ஓய்வு நாளில் அவள் ஒரு கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கூடவே ஒரு விளக்கு, ஒரு சின்ன மோட்டார், தண்ணீரைச் சூடாக வைக்கும் குழல், வெள்ளை மணல், ஒரு வாளி உப்பு. அவளுடைய மருத்துவரின் காத்திருப்பறையில் இப்படி ஒன்றைப் பார்த்தாளாம். மீன்கூட வேண்டாம், கடலில் கல்லோடு ஒட்டி வளரும் பவள உயிர்களை மட்டும் வளர்க்கலாம், அதிகம் பார்த்துக்கொள்ளவும் வேண்டியதில்லை என்றாள். கடலை விட்டு வந்தது அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும் என்பது அவள் எண்ணம்.

தான் கடலைப் பார்த்ததே அபூர்வம் என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். மகள் முகம் லேசாக வாடியது. அதைப் பார்த்ததும், "இருந்தா என்ன, இப்ப பாத்துக்கறேன்" என்று தொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

எங்கே வைப்பது என்பதுதான் முதல் சிக்கல். சன்னல் பக்கம் வெயில் பட்டால் தண்ணீர் சூடேறிப் பாசி பிடித்துவிடும். மேசை ஆடுகிறது. கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு ஆள் கனம் வரும். உருப்படியாகத் தாங்கக்கூடியது முன்னறையில் மனைவி தைத்து முடித்த துணிகளை அடுக்கும் தாழ்வான மர அலமாரி ஒன்றுதான். அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் தானாகவே எழுந்து துணிகளை எடுத்து உள்ளறைக் கட்டிலில் வைத்துவிட்டு, அலமாரியின் மேல்பக்கத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.

உப்புக் கரைப்பது அவருக்குப் பிடித்த வேலையாக இருந்தது. சுத்திகரித்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினார். பழக்கதோஷம், விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடணும்" என்றார். மனைவி தைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவர் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. உப்பு அளப்பதற்கென்று ஒரு கருவி இருந்தது. அதன் முனையில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒற்றைக்கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தார். நாக்கு சொன்னது சரிதான், இன்னும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது.

மணலைப் பரப்பி, துளைத்துளையான கற்களைக் குகை மாதிரி அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டார்கள். அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் பழுக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கல்லில் குடியேற வேண்டும், அதுவரை எதையும் உள்ளே விடக்கூடாது என்று தொட்டிக் கடைக்காரம்மா சொல்லியிருந்தார். வாரங்கள் போயின. அளவு கொடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு என்ன மீன் என்று கேட்டார்கள். "மீன் இல்ல, எங்க வீட்டுக்காரர் கல்லு வளக்கறார்" என்று மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே சொல்வாள்.

நடுவில் மணலும் கண்ணாடியும் பழுப்பேறி அழுக்குப் பிடித்தாற்போல் ஆயின. கப்பல்காரருக்குத் தாங்கவில்லை. அடுக்களையில் ஒரு கறை இருந்தால்கூடத் தூங்காத மனிதர். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடலாம் என்று கடைக்குப் போய்ச் சொன்னார். கடைக்காரம்மா வாளியைத் துடைத்துக்கொண்டே, எல்லாத் தொட்டியிலும் இது வரும், தானாகப் போகும் என்றார். "கைய உள்ள விடாம இருக்கறதுதான் சார் இதுல பாதி வேலை."

அப்படியே போயிற்று. பிறகு நத்தைகள் வந்தன. அதற்கும் பிறகு ஒரு மாலை, தண்ணீர் நிறைந்த பைகளில் பவளங்கள் வந்தன. சட்டைப் பொத்தான்களைக் கொத்தாக ஒட்டிவைத்தது போல் பச்சையில் ஒன்று. கல்லோடு ஒட்டிய வட்டத் தட்டுகளாய் ஊதா நிறத்தில் இன்னொன்று. மூன்றாவது காளான் மாதிரி தண்டும் தலையுமாக இருந்தது. விளக்குப் பழகியதும் அதன் தலை முழுக்க மெல்லிய இழைகள் எழும்பி, மோட்டார் ஓட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. மனைவி அதற்குக் குடை என்று பெயர் வைத்தாள்.

இவற்றுக்கு என்ன சாப்பாடு போடுவது என்று அவர் கேட்டதற்கு, வெளிச்சமே போதும் என்று பதில் வந்தது. சமைத்துப்போட வேண்டாத ஒரு உயிரை அவர் அதுவரை பார்த்ததில்லை. வேலை என்று இருந்தது கொஞ்சம்தான். ஆவியாகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்றுவது, வாரம் ஒருமுறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கரைத்ததை விடுவது, கண்ணாடியைத் துடைப்பது. மீதி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்காகவே உட்கார ஒரு பிரம்பு மோடா வாங்கிப்போட்டார். மனைவி தைக்க, அவர் தொட்டியைப் பார்க்க, பேச்சில்லாமல் பிற்பகல்கள் கழிந்தன.

ஒருநாள் காலையில் குடை மூடிக்கொண்டது.

இழைகள் எல்லாம் உள்ளே போய், தலை வழுக்கையாக, மங்கிய சாம்பல் நிறத்தில் நின்றது. மேலே மெழுகு பூசியது போல ஒரு படலம். மறுநாளும் அப்படியே. கப்பல்காரர் உப்பை அளந்தார், சூட்டை அளந்தார், எல்லாம் சரியாகவே இருந்தன. விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினார், மறுபடி இறக்கினார். மோட்டாரைத் திருப்பினார். மற்ற இரண்டும் செழிப்பாகத்தான் இருந்தன. இது மட்டும் சாகப்போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, அதைப் பிடுங்கி வேறு மூலையில் வைத்துவிடுவது என்று தொட்டிக்குள் கையை நீட்டினார்.

மனைவி எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாயா என்று அவர் கேட்டார். அவள் கையை விடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்குப் போகவில்லை. குளிக்கவில்லை. யாரோடும் பேச்சில்லை. ஒரு டாக்டரம்மா வீட்டுக்கே வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவள் மாதக்கணக்கில் அப்படி இருந்தாள். மனைவி தையல் இயந்திரத்தைத் தூக்கிப் போய் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். தட்டை வாசலில் வைப்பாள், காலித் தட்டை எடுப்பாள். உள்ளே போய் இழுத்து வெளியே கொண்டுவரத்தான் கை துடித்தது. போகவில்லை.

கப்பல்காரரின் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தினமும் போன் பண்ணி இதைச் செய், அதைச் செய்னு சொல்லியிருப்பீங்க. எனக்கு அப்ப சும்மா உக்காந்திருக்கத்தான் தெம்பு இருந்துச்சு. ரெண்டையும் தாங்கியிருக்க முடியாது."

அவளிடம் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

முழங்கால் வலியோடு அவர் நடந்தது மகளின் கடைவரைக்கும். அவள் வேறொருவருக்குக் கண்ணாடிச் சட்டத்தைக் காதில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினாள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது, அதான் வந்தேன் என்றார். அது பொய்யுமில்லை. அவள் அவரை உயர நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கருவியின் மேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிக் காட்டினாள். இது தெளிவா, இதுவா என்று அவள் கேட்க, எழுத்துகள் புகைந்தும் துலங்கியும் வந்தன. தன்னிடம் ஒருபோதும் இல்லாத பொறுமை அவள் குரலில் இருப்பதை அவர் கவனித்தார்.

"அம்மா சொன்னா" என்றார், தாடையை எடுக்காமலே.

வில்லை மாற்றும் கை ஒரு கணம் நின்றது. எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சுப்பா. இப்ப இல்ல." அடுத்த வில்லையைப் போட்டாள். "கதவுக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அது நின்னா மட்டும் எனக்குப் பயமா இருக்கும். இப்ப சொல்லுங்க, கடைசி வரி தெரியுதா?"

தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவளே சொல்லி, ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் தொட்டியின் பக்கம் போகவில்லை. அடுக்களைக்குப் போனார். மேல்தட்டிலிருந்த டப்பாக்களை இறக்கி, இவை முன்பு எங்கே இருந்தன என்று மனைவியைக் கேட்டார். அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மிளகு டப்பாவை மட்டும், அவர் வைத்த இடமே வசதி, அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

குடை ஒரு வாரத்துக்கு மேலும் மூடியே இருந்தது. அவர் ஆவியான தண்ணீரை மட்டும் ஈடுகட்டினார், வாராவாரம் செய்வதைச் செய்தார், கையை நீட்டவில்லை. ஒருதரம் கடைக்காரம்மாவிடம் விசாரித்தபோது, பாம்பு சட்டை உரிப்பது மாதிரி இதுவும் அவ்வப்போது மேல்தோலைக் கழற்றும், ஓட்டம் நன்றாக இருந்தால் தானே கழன்றுவிடும் என்று தெரியவந்தது. அதைக் கேட்டுத் தெம்பு வந்தாலும் பயம் முழுதாகப் போகவில்லை.

ஒரு பிற்பகலில் படலத்தின் ஓரம் கிழிந்து, மெல்லிய காகிதம் போல ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் ஓட்டம் அதை உரித்துக்கொண்டு போய் ஒரு கல்லிடுக்கில் சேர்த்தது. அடியில் தோல் பளிச்சென்று வெண்ணெய் நிறத்தில் இருந்தது. சற்றுக் கழித்து ஓரத்தில் ஒரு இழை தலைநீட்டியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று.

மனைவி ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை. அளவெல்லாம் எடுத்து, துணியை வாங்கி வைத்து, அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு அவள் திரும்பும்வரை காத்திருந்து, மோடாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேர் உட்காரும் மோடா அல்ல அது. அளவு நாடா கழுத்தில் தொங்க அவள் அதில் பாதியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்துகொண்டிருந்தன.