நாற்பத்து மூன்று படலங்களும் ஒரு சிவப்பு மேகமும்

வானத்துச் சிவப்பு மேகம் ஒன்று பூச்சு அக்காவின் சமையலறைக்குக் குடிவந்தது ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு. மழை மேகம் அல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவே தொங்குகிற வகை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வெளிச்சத்துக்கே நூறு வருடம் பிடிக்கும் என்று படித்தவர்கள் சொன்னார்கள். அடுப்புக்கும் பாத்திர அலமாரிக்கும் இடையில் அது தாராளமாக அடங்கியது. ஒரு நாற்காலி போடவும் இடம் மிச்சம் இருந்தது.

அது வந்த வழியைச் சொல்வதென்றால் கண்ணாடிப் பட்டறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடி செய்வது அந்தப் பட்டறையின் தொழில். காற்றை முழுக்க உறிஞ்சிவிட்ட இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பொருள்களை மாற்றி மாற்றி ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படிய வைப்பார்கள். ஒவ்வொரு படலமும் வேண்டிய நிறத்தின் அலைநீளத்தில் கால் பங்கு கனம். நடுப்படலம் மட்டும் அதில் இரண்டு மடங்கு. நுழைந்த வெளிச்சம் படலத்துக்குப் படலம் முட்டித் திரும்பி மறுபடி முட்டும். வேண்டிய நிறத்தின் அலைகள் மட்டும் ஒன்றோடொன்று கைகோத்து மறுபக்கம் இறங்கும். மற்றவை ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டு வந்த வழியே திரும்பிப் போகும்.

பூச்சு அக்கா பத்தொன்பது வருடம் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று படலம் பூசியவள். படலத்தின் கனம் காட்டும் அளவு முள் ஏறி, இறங்கத் திரும்பும் நொடியில் ஆவியைத் தடுக்கும் மூடியைச் சாத்த வேண்டும், இமைக்காமல் சாத்துவாள். அவள் பூசிய எதிலும் அதுவரை ‘கழிவு’ முத்திரை விழுந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

மலைமேல் இருந்த வானாய்வுக் கூடம் அந்த ஒரு மேகத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண்ணாடி கேட்டிருந்தது. மேகம் விடுகிற சிவப்பைத் தவிர வேறு எதுவும் உள்ளே வரக்கூடாது. நாற்பத்து மூன்று படலம் பூசிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் அவள் செய்து கொடுத்தாள். பட்டறையின் சோதனை அறைக்காரர் அளந்து பார்த்து, நிறம் மயிரிழை அளவு நீலப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கழிவு முத்திரை குத்திவிட்டார்.

“கண்ணாடி சரியாத்தான் இருக்கு சார். அளந்ததுலதான் ஏதோ கோளாறு.”

“கருவி பொய் சொல்லாதும்மா. உன் கைதான் தளர்ந்துபோச்சு.”

அடுத்த மாதம் முதல் அவள் கண்ணாடி கழுவும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கழிவை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது பட்டறை வழக்கம். அவள் எடுத்துப் போய்ச் சமையலறையின் ஒரே சன்னலில், உடைந்த கண்ணாடி இருந்த வட்டத்தில், பொருத்தினாள். உள்ளே நுழைய முடியாத நிறங்களெல்லாம் சந்துக்கே திரும்பியதால் எதிர்வீட்டுத் தையல்காரருக்குப் பகல் இரண்டு பங்காகக் கிடைத்தது. பேருந்து ஓட்டும் அவள் கணவர்தான் சாப்பாட்டின் முன்னால் தடுமாறினார்.

“ஏம்மா, கீரை கறுப்பா இருக்கு, பால் செவப்பா இருக்கு. எதுல கைய வைக்கிறது?”

“கண்ண மூடிட்டுச் சாப்பிடுங்க.”

நான்காம் நாள் அந்தக் கண்ணாடி வழியாக மேகம் வந்தது. அவள் முதலில் பார்த்தது அதன் அழகை அல்ல. அது எங்கும் சிக்காமல், ஒரு சிட்டிகைகூட வெளியே நிற்காமல் முழுசாக உள்ளே வந்ததைப் பார்த்தாள். கண்ணாடி மயிரிழை தப்பியிருந்தால் அது சன்னலோடு திரும்பியிருக்கும்.  கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையில் கொஞ்ச நேரம் அழுதாள்.

சந்தே திரண்டு வந்து பார்த்தது. சோதனை அறைக்காரரும் வந்தார். மேகம் அவர் மூக்குக் கண்ணாடியைச் சுற்றி இரண்டு முறை போய்வந்தது. அவர் பட்டறைக்குத் திரும்பி, அளக்கும் கருவியின் பிடியைக் கழற்றினார். கண்ணாடி ஆடாமல் இருக்க ஒரு பக்கம் அவரே செருகிய அட்டைத் துண்டு உள்ளே இருந்தது. அதனால் கண்ணாடி ஐந்து டிகிரி சாய்ந்து நின்றிருக்கிறது. சாய்த்து வைத்தால் எந்தக் கண்ணாடியும் நீலப்பக்கம் நகரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எல்லோர் முன்னாலும் அட்டையைக் காட்டி, “தப்பு என்னுதுதான்க்கா” என்றார். அவளைவிட ஆறு வயது மூத்தவர் அவர்.

கழுவும் பிரிவு உத்தரவு கிழிந்தது. கூடத்துக்கு அவள் இன்னொரு கண்ணாடி பூசினாள். நேராக நிறுத்தி அளந்தார்கள். அச்சு அசலாக இருந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் கூடத்திலிருந்து புகார் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேகத்தையே காணோம், பூச்சு தவறு என்று எழுதியிருந்தார்கள். இந்த முறை சோதனை அறைக்காரரே பதில் எழுதினார்: “கண்ணாடியில் குறை இல்லை. மேகம் இங்கே இருக்கிறது.”

கூடத்துத் தலைவி மலையிறங்கி வந்தார். மிச்சமிருந்த இடத்தில் நாற்காலி போட்டார்கள்.

“உக்காருங்கம்மா, அது ஒண்ணும் பண்ணாது” என்றாள் பூச்சு அக்கா.

தலைவி முழங்கைவரை மேகத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். “முப்பது வருஷமா இதைத்தான் பார்த்துட்டிருக்கேன். இவ்ளோ கிட்டத்துல இப்பத்தான்” என்றார். சன்னலைக் கழற்றி இரண்டு நாள் திறந்து வைத்தும் மேகம் போகவில்லை. அதன்பின் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

அடுத்த வருடம் அச்சான வான வரைபடத்தில், அந்த மேகம் இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே பூச்சு அக்காவின் வீட்டு எண்ணையும் சந்தின் பெயரையும் போட்டிருந்தார்கள். அவள் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பது மட்டும்தான் அவள் குறை.