பின்சீட்டின் ஈரம்

டிரைவரக்கா பின்கதவை அகலத் திறந்துவைத்து, தரையில் முட்டி போட்டு, சந்தன நிறத் தோல் சீட்டின் தையலுக்குள் இறங்கியிருந்த ரத்தத்தைப் பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கார் ஓட்டும் வீட்டில் எல்லோரும் அவளை டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சோப்பு நுரையைச் சீட்டில் நேராக ஊற்றாமல் பிரஷ்ஷில் தொட்டு, நோகாமல் தேய்த்து, பச்சைத்தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தாள். துணி முதலில் பழுப்பாக வந்தது. பிறகு வெளுத்தது. தையல் நூல் மட்டும் பிடிவாதமாகச் சிவந்தே கிடந்தது. ‘இரு, உனக்கும் எனக்கும் இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும்’ என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள்.

முந்தின நாள் ரோட்டுத் திருப்பம் ஒன்றில் தெரு கூட்டும் ஒரு பெண்ணை ஏதோ ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கை கொடுக்க ஆளில்லை. டிரைவரக்கா பிரேக்கை மிதித்தாள். வண்டி முழுசாக நிற்பதற்குள் பின்கதவு திறந்துகொண்டது. பின்சீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாதான், முதலாளியின் மனைவி. அவளே இறங்கி ஓடி, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தத் தலை அவள் மடியில்தான் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இருவரும் வீடு திரும்பினார்கள். வந்ததும் அம்மா புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். நடந்ததைக் கணவரிடம் சொல்லவில்லை.

இப்போது முதலாளி படியிறங்கி வந்தார். பெற்ற பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டு அறியாதவர், இந்த வண்டியில் விரல் தடம் பட்டால் சட்டை நுனியால் துடைப்பார்.

“யாரைக் கேட்டு ஏத்தின?”

டிரைவரக்காவின் பார்வை தன்னையறியாமல் மாடி ஜன்னலுக்குப் போயிற்று. திரைக்குப் பின்னால் அம்மா நிற்பது தெரிந்தது. பெயரைச் சொல்லிவிட்டால் பாரம் பாதி இறங்கும். ஆனால் அவர்கள் வீட்டுச் சண்டைக்கு விறகு எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

“யாரையும் கேக்கலீங்க. நான்தான் ஏத்தினேன்.”

“இது கார். ஆம்புலன்ஸ் இல்ல. இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு சொல்லு. இதோட விட்டுடறேன்.”

ஒரு வார்த்தைதான். சொன்னால் வேலை இருக்கும். அவள் வீட்டில் உலை கொதிப்பது இந்த ஸ்டியரிங்கை நம்பித்தான். நாக்கு நுனி வரை வந்த சொல், அங்கேயே நின்றது. தூக்கும்போது ரோட்டில் கிடந்தவள் இவள் விரலைப் பிடித்த பிடி இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

“அப்படி ஒரு வாக்கு என்னால குடுக்க முடியாதுங்க. நாளைக்கு யாராவது கிடந்தாலும் ஏத்தத்தான் செய்வேன்.”

“அப்ப சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு.”

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு மறுபடியும் முட்டி போட்டாள்.

“போன்னுதானே சொன்னேன்?”

“கழுவின தோலை அப்படியே விட்டா வெடிச்சிடுங்க. வேலை போச்சுன்னு வேலையைப் பாதில விடற பழக்கம் எனக்கில்ல.”

அவள் உலர்ந்த துணியால் சீட்டைத் துடைத்துக் காயவிட்டு, தோலுக்குப் பூசும் கண்டிஷனர் க்ரீமைப் பஞ்சில் தொட்டு வட்டம் வட்டமாகத் தடவ ஆரம்பித்தாள். தோல் மெல்ல மெல்லக் குடித்தது. நிறம் ஆழமாயிற்று. தையல் நூலில் மட்டும் மயிரிழை போல ஒரு சிவப்பு மிச்சம். அதன்மேலும் தடவினாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா வந்தாள். வெளியே போகக் கட்டும் புடவை. கணவரைத் தாண்டி நேராக வந்து, பளபளவென்று ஈரமாயிருந்த அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

“எழுந்திரு, க்ரீம் காயல. புடவை பாழாயிடும்,” என்றார் முதலாளி.

“நேத்தே ஒண்ணு பாழாயிடுச்சு,” என்றாள் அம்மா. “கதவைத் திறந்தது நான். தூக்கினது நாங்க ரெண்டு பேரும். நேத்தே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

அம்மா டிரைவரக்காவைப் பார்த்தாள். “அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வரலாம். வண்டிய எடுங்க.”

முதல் முறையாக ‘எடுங்க’ என்கிறாள். டிரைவரக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாவி இல்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள்: அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திறந்த கதவுக்கு வெளியே, கணவரை நோக்கி, அவளுடைய உள்ளங்கை நீண்டிருந்தது. அதில் கண்டிஷனரின் ஈரம் வெயில் பட்டு மின்னியது.