அன்புசெல்விக்குத் துணைக்குப் போனவர்கள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் மருதாள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். டீயும் வடையும் என் செலவு. ஆகவே கதை எனக்குச் சொந்தம். எழுத்தாளர்களின் சட்டம் அப்படி.

'இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்ணின் மௌனம்...' (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

2

கம்பெனியில் சில பெண்கள் ஒரு குழு. புருஷன் விட்டுப்போனவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று எல்லோரும் அடிபட்டவர்கள். ஞாயிறுதோறும் மருதாள் வீட்டில் கூடி மனம்விட்டுப் பேசுவார்கள். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அன்புசெல்வி, தம்பி விபத்தில் போன பிறகு எழுந்து நடமாடியதே இவர்களால்தான். இதில் எனக்குக் கேலி இல்லை.

கேலி என் முதல் வரைவின் மேல்தான். அதில் மருதாள் தோளைத் தொட்டார், இவள் அழுதாள், காபி வந்தது, குணமாகிவிட்டாள். உங்களுக்கும் பிடித்திருக்கும். ஒரே இடைஞ்சல், அன்புசெல்விக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"ஏம்புள்ள, நாங்க இத்தன பேரு இருக்கறது பத்தலியா?"

"பத்தலீங்கக்கா."

(இதை நான் எழுதவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.)

3

மருதாள் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு குழு மொத்தமும் அரைநாள் லீவு போட்டு, பெண் பார்க்கப் போவதுபோல் கூடவே கிளம்பியது. டாக்டர் சித்ராதேவியின் அறையில் நாற்காலி போதவில்லை.

"தூக்கம் எப்படி?"

"வாரதே இல்லீங்க!" எல்லோரும் சொன்னார்கள், அன்புசெல்வியைத் தவிர.

"வேற ஏதாவது தோணுதா?"

"ஒண்ணுமில்லீங்க. நாங்கதான் இருக்கறமே" என்றார் மருதாள்.

அன்புசெல்வி திரும்பினாள். "அக்கா, நீங்கெல்லாம் வெளிய உக்காருங்க."

"எங்ககிட்டச் சொல்லாதது என்ன இருக்குது கண்ணு?"

"சொன்னா அழுவீங்க. அப்பறம் உங்களை நாந்தான் தேத்தோணும். எனக்குத் தெம்பில்லீங்கக்கா."

4

முடிவுகள் கைவசம் உண்டு. அ) மாத்திரை பலித்தது. ஆ) பலிக்கவில்லை, டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். இ) சாத்திய கதவுக்குப் பின்னால் அன்புசெல்வி மெல்லத் தன்...

இந்த மூன்றாவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மருதாளிடமே கேட்டேன்: "உள்ளே என்ன சொன்னாளாம்?"

"இப்ப மாத்தரையும் சாப்புடறா, ஞாயத்துக்கெழம எங்கூட்டுக்கும் வாரா."

"அது சரிங்க. டாக்டரிடம் என்ன சொன்னாள்?"

மருதாள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"வெளிய வந்தவகிட்ட, சாப்புடறயா கண்ணுன்னுதானுங்க கேட்டேன். நானே கேக்காதது உங்களுக்கெதுக்குங்க?"