பாதிக்குக் கீழே இறங்கிய முள்

"பெற்றோல் எண்டு நான் சொல்லிப்போட்டன்..."

"நீங்கள் சொன்னாப் போதுமோ? அவங்கள் கேட்டா..."

"அவங்கள் என்ன கேக்கிறது? ஓடப்போறது நான்! உனக்கு ஸ்ரியறிங் எந்தப் பக்கம் எண்டு தெரியுமோ?"

"கத்தாதையுங்கோ, சனம் பாக்குது."

"பாக்கட்டும். ரூ பஜோலிலை பிள்ளையார் கோயில் தேரை மட்டுந்தான் பாக்கவேணும் எண்டு சட்டமோ?"

தர்மராசாவுக்கும் கமலராணிக்கும் பரிஸ் நகருக்கு வெளியே சார்செல் வீட்டில் தொடங்கிய சண்டை காருக்குள்ளேயே ஏறி வந்து, ரூ பஜோல் தெருவில் கார் நின்ற பிறகும் ஓயவில்லை. எதிரே, நடக்க ஏலாதவர்களுக்குக் கார் குத்தகைக்குக் கொடுக்கும் சங்கத்தின் அலுவலகம். இன்னும் திறக்கவில்லை. பழைய காரின் தவணை முடிந்துவிட்டது. புதியது பெற்றோலா, கரண்டா என்று இன்றைக்கு வாய் திறந்து சொல்லியாக வேண்டும். பெற்றோல் கார் கொடுப்பது இந்த முறையோடு சரி என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

வன்னியில் நடந்த கடைசிப் போரில் தர்மராசாவின் இரண்டு காலும் முழங்காலோடு போயின. வலக்கையிலும் பாதி விரல்தான் மிச்சம். இந்தக் காரில் பிறேக், வேகம் எல்லாம் ஒரு கைப்பிடியில்.

"கரண்ட் கார் எண்டா ஆர் பிளக் குத்திறது? எங்கடை பாக்கிங்கிலை சுவருக்கும் காருக்கும் நடுவாலை என்ரை வீல்செயர் போகுமோ?"

"நான் குத்திவிடுறன்."

"ஓ, போனைச் சார்ச்சிலை போடுறமாதிரி புருசனையும் போட்டு வைக்கப்போறாய். பெற்றோல் எண்டா எங்கடை வீட்டடியிலை செபஸ்டியன்ரை பெற்றோல் செட்டுக்கு முன்னாலை ஒருக்கா ஹோர்ன் அடிச்சாக் காணும். ஓடிவந்து நிரப்பிவிடுவான். உன்னைக் கேக்கத் தேவையில்லை."

உன்னைக் கேட்கத் தேவையில்லை. கமலராணி பயந்தது அதற்குத்தான். பரிஸ் நகருக்குள் இனிப் பெற்றோல் காரை விடமாட்டாங்கள், புகை, மணம் என்று காலையிலிருந்து அவள் சொன்னதெல்லாம் வெறும் சாட்டு. பிளக் அவள் கையில் இருக்க வேண்டும். தமிழ்க் கடைகள் இருக்கிற இந்த லா சப்பலுக்கு வந்து திரும்பக் காணுமளவுக்கு மட்டும் சார்ச் ஏற்றிவிட்டு, வயரைக் கழற்றிவிடலாம். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. கட்டின புருசனுக்குக் கயிறு அளக்கிறேனே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பக்கத்து ரூ லூயி-பிளாங் தெருவில் விமானச் சீட்டு விற்கும் சிவமணி.

"என்னண்ணை, உள்ளுக்கை பட்டிமன்றமோ? கோயில் வாசல் வரைக்கும் கேக்குது."

"இவ கரண்ட் கார் எடுக்கட்டாம், தம்பி."

"எடுங்கோவன். நானும் அதுதான் வைச்சிருக்கிறன். ஒரு குறை, தூரம் போகேலாது. போன கிழமை டியெப் கடற்கரைக்கு வெளிக்கிட்டு, பாதி வழியிலை சார்ச் இறங்கிப் போச்சு. மனுசி இன்னும் என்னோடை கதைக்கிறேல்லை. அது ஒரு நிம்மதி!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

டியெப். சொல் காருக்குள் விழுந்து கிடந்தது.

மாசியில் ஒரு நாள் தர்மராசா மரக்கறி வாங்கிவர என்று போனவர். பொழுதுபட பொலிசிலிருந்து போன் வந்தது. டியெப்புக்குக் கிட்ட, கடலுக்கு மேலே நிற்கும் வெள்ளைப் பாறை மேட்டுக்கு ஏறும் வீதியில், பெற்றோல் முடிந்து கார் நிற்கிறது. மனுசன் உள்ளே இருக்கிறார் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும், "பெற்றோல் முள்ளைப் பாக்க மறந்துபோனன்" என்றார். அவளும் தலையாட்டினாள்.

மறக்கிற மனுசனா? வன்னியில் பெற்றோல் தடை இருந்தபோது, குழந்தைகளின் சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடினவர். அந்தப் பயத்தில், பரிஸ் வந்தும் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதேயில்லை. அன்றைக்குச் செபஸ்டியனின் பெற்றோல் செட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறார். ஹோர்ன் அடிக்கவில்லை. திரும்பி வர நினைக்கிறவனுக்குத்தானே பெற்றோல் வேண்டும்.

மாசிக்குப் பிறகு அவர் முள்ளைப் பார்ப்பதில்லை. அவள்தான் பார்க்கிறாள். இப்போதும் பார்த்தாள். சிவப்புக் கோட்டில் நின்றது.

"பெற்றோல் அடிக்கேல்லையோ?"

"திருப்பிக் குடுக்கிற காருக்கு ஏன்?"

எதிரே கதவு திறந்தது.

"இறங்கி வீல்செயரை எடு, ராணி."

அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள், திறக்கவில்லை.

"எடன். பெற்றோல் எண்டு சொல்லிப்போட்டு வருவம்." அவருடைய குரல் தணிந்திருந்தது. "நினைச்ச உடனை வெளிக்கிடுறது, எனக்கெண்டு மிஞ்சினது உது ஒண்டுதான். அதையும் பிடுங்கப்போறியோ?"

கமலராணி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு அந்த மேட்டிலை ஏறி முடிக்கக் காணுற பெற்றோல் இருந்திருந்தா, இண்டைக்கு நான் ஆரோடை இருந்து சண்டை பிடிக்கிறது, சொல்லுங்கோ?"