எலுமிச்சம் பூக்களில் ஒருத்தி

“கட்!” என்றார் டைரக்டர் இசோமுரா. கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. “ஏம்மா, நீ பேச வேண்டிய வசனம் என்ன, டோக்கியோவுலேருந்து தபால்ல வரணுமா?”

மீன் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து இதே காட்சிதான். மேஜைமேல் குவிந்து கிடந்த கணவாய் மீன்களுக்கு முன்னால், ரப்பர் பூட்சும் தலைத்துணியுமாக நின்ற சிகுசா குனிந்து மன்னிப்புக் கேட்டாள். குளிரில் அவள் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த கியோமிக்கு அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்கும் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ஜப்பானில் இந்த இரண்டு பெண்களையும் தெரியாத வீடு அப்போது கிடையாது. ‘எலுமிச்சம் பூக்கள்’ என்ற இந்தப் பாட்டு ஜோடி டிவியில் வந்தால் பள்ளிக்கூடப் பையன்கள் சோற்றுக் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். பதினாலு வயதில் ஜோடி சேர்த்துவிடப்பட்டவர்கள். ஒரே மஞ்சள் கவுன், ஒரே மாதிரி வெட்டிய முடி, ஒரே மாதிரிச் சிரிப்பு. பாட்டுகளா? இப்போது கேட்டால் பல் கூசும். ஆனால் இரண்டு குரலும் சேர்ந்து தொடங்குகிற அழகு இருக்கிறதே, அது பொய்யில்லை. இம்மி பிசகாது. எப்படி என்று பெரிய பெரிய வாத்தியக்காரர்களே தலையைச் சொறிந்தார்கள்.

விஷயம் சின்னதுதான். மேடையேறினால் சிகுசாவுக்கு முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதனால் இடப்பக்கம் நிற்கிற கியோமி மூக்கால் லேசாக ஒரு மூச்சை இழுப்பாள். மைக்குக்கே எட்டாத சத்தம், சிகுசாவின் காதுக்கு எட்டும். வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கப்புறம் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவள் சிகுசாதான். கியோமியின் குரல் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஓடும். இதை வெளியே யாரும் சொன்னதில்லை. கியோமிக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

இசோமுரா தன் படத்துக்கு இருவரில் ஒருத்தியைத்தான் கேட்டார். அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனி முதலாளி கணக்காகச் சொல்லிவிட்டார்: படத்தில் தேறினால் சிகுசா இனி நடிகை, ஜோடி கலைகிறது. தேறாவிட்டால் வசந்தத்தில் புது ரெக்கார்டு, பழையபடி இரண்டு பேரும். கியோமி தனியாக என்ன செய்வாள் என்று யாரும் பேசவில்லை. பேச அதில் என்ன இருக்கிறது? “நீ வந்தாத்தான் நான் போவேன்” என்று சிகுசா அழுது அடம்பிடித்ததால், இந்த வடக்குத் துறைமுகத்துக்குக் கியோமியும் வந்து குளிரில் விறைத்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான். இவள் தோற்றுப் போகட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய மேனேஜர் செகினே வந்து குந்தினார். சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே இருந்தார்.

“டைரக்டர் கறாரா சொல்லிட்டாரும்மா. சாயங்காலத்துக்குள்ள இந்த ஷாட் வரலைன்னா, வேற பொண்ண வரவழைக்கிறாராம். நாடகத்துல நடிச்ச பொண்ணாம்.”

“சரிங்கண்ணே” என்றாள் சிகுசா.

“என்ன சரி? இருக்கறதே ஒரு வசனம்! அப்பாவோட படகு திரும்பலேன்னு மேஸ்திரி வந்து சொல்றான். ‘இந்தக் கூடைய முடிச்சிட்டு வர்றேன்’னு நீ சொல்லணும். அவ்வளவுதானே? அதுக்கு முன்னாடி எதுக்கு இந்தப் பக்கம் தலையச் சாய்க்கிறே? அங்க என்ன இருக்கு?”

“நான் சாய்க்கிறேனா?”

செகினே பெருமூச்சு விட்டு எழுந்து போனார். கூட நடித்துக்கொண்டிருந்த கொட்டகைப் பெண்கள் அடுப்பைச் சுற்றி மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடிகைகள் இல்லை. நிஜமாகவே அங்கே கணவாய் அறுக்கிறவர்கள். அவர்களில் மூத்தவளான உமெ அக்கா இரண்டு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

“குடிங்கடி கண்ணுங்களா. டிவியில பாத்தா கொழுகொழுன்னு இருக்கீங்க, நேர்ல பாத்தா கருவாடாட்டம் இருக்கீங்களே!”

அவள் போனதும் சிகுசா தாழ்ந்த குரலில் கேட்டாள். “என்னடி தப்பு பண்றேன்? உனக்குத் தெரியுமே. சொல்லேன்.”

கியோமிக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. தலை சாய்வது இடப்பக்கம். வசனம் தாமதமாவது ஒரு மூச்சு நேரம். இவள் கியோமியின் மூச்சுக்காகக் காத்திருக்கிறாள். மூன்று வருஷப் பழக்கம், அவளுக்கே தெரியாமல் உடம்பில் ஊறிப் போயிருக்கிறது.

“தெரியலடி” என்றாள் கியோமி.

“அப்ப ஒண்ணு செய். கேமரா பக்கத்துல வந்து நில்லு. நீ கிட்ட இருந்தா எனக்கு வந்துடும்.”

எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள்! கியோமி சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

இசோமுரா தடை சொல்லவில்லை. “யாரு வேணா நில்லுங்க, எனக்கு ஷாட் வந்தாப் போதும்” என்றார். கேமராவை ஒட்டி, சிகுசாவுக்கு இடப்பக்கமாக, பெட்டி ஒன்றின்மேல் கியோமி ஏறி நின்றாள். இப்போது எல்லாம் அவள் மூக்கு நுனியில் இருந்தது. லேசாக இழுத்தால் போதும், சிகுசா சரியான நேரத்தில் பேசிவிடுவாள், நடிகையாகிவிடுவாள். இழுக்காவிட்டால் தவறிப் போவாள், மஞ்சள் கவுனுக்குத் திரும்பி வருவாள்.

‘இழுக்க மாட்டேன்’ என்று கியோமி முடிவு செய்தாள். வாயையும் மூக்கையும் கம்பளியால் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

கேமரா ஓடத் தொடங்கியது. கத்திகள் கணவாய்களைக் கிழித்தன. மேஸ்திரியாக நடித்தவர் வந்து தொப்பியைக் கழற்றினார். “உங்கப்பா படகு திரும்பலம்மா. நீ வீட்டுக்குப் போ.”

சிகுசாவின் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. காத்திருந்தாள்.

கியோமி மூச்சை அடக்கி நின்றாள். நின்றவள் அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். மேடையில் எப்போதும் தோளோடு தோள்தான். டிவியில் தங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் தன் மூஞ்சியைவிட்டு நகர்ந்ததில்லை. எதிரே நின்று சிகுசாவைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

கியோமியின் மூச்சு வரவில்லை. சிகுசா இன்னும் காத்திருந்தாள். வந்துவிடும் என்று அந்த முகம் முழுசாக நம்பியது. அப்புறம் ஏன் இன்னும் வரவில்லை என்று தேடியது. அப்புறம், வரப்போவதில்லை என்று அதற்குத் தெரிந்தது. எந்தச் சொல்லும் இல்லாமல், ஒரு தசைகூட ஆடாமல், அந்தப் பெண் தனியாளாகிப் போனதைக் கொட்டகை முழுக்கப் பார்த்தது. இசோமுரா ‘கட்’ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

பிறகு சிகுசா தானாக ஒரு மூச்சு இழுத்தாள். ஆழமாக, கரடுமுரடாக, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள் இழுப்பதைப் போல. அவளிடம் அப்படி ஒரு மூச்சு இருப்பதே கியோமிக்குத் தெரியாது.

“இந்தக் கூடைய முடிச்சிட்டு வர்றேன்” என்றாள்.

கத்தியை எடுத்தாள். ஒரு கணவாயைக் கிழித்தாள். இன்னொன்று. மேஸ்திரி தொப்பியை மறுபடி போட மறந்து நின்றார். அவள் பக்கத்தில் நின்ற உமெ அக்காவுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. அவள்பாட்டுக்குக் கையை நீட்டினாள், சிகுசாவின் கூடையிலிருந்து ஒரு கை நிறையக் கணவாயை அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டாள். எதிரே நின்றவளும் அள்ளினாள். சீக்கிரம் முடியட்டும், பெண் வீட்டுக்குப் போகட்டும் என்று. கேமரா என்று ஒன்று அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது.

கியோமி கெடுக்கத்தான் நினைத்தாள். கெடுக்க நினைத்த கையாலேயே சிகுசாவுக்குள் ஏதோ ஒரு கதவைத் திறந்துவிட்டுவிட்டாள். திறந்த கதவுக்குள் இருந்தது எலுமிச்சம் பூ இல்லை. அது என்னவென்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. கண்ணீர் மட்டும் கம்பளியை நனைத்தது. பொறாமை எங்கே போனதென்று தேடினாலும் கிடைக்கவில்லை. இப்படி ஒருத்தியின் பக்கத்திலா இத்தனை நாள் நின்றோம் என்ற பிரமிப்புதான் இருந்தது.

பின்னாளில் சிகுசா எத்தனையோ படம் நடித்தாள். கிழவியாகக்கூட நடித்துப் பரிசு வாங்கினாள். அந்த முதல் படத்தின் மௌனத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இசோமுராவின் பயிற்சி என்றார்கள், பிறவி மேதை என்றார்கள். எழுதிவிட்டுப் போகட்டும்.

“ஓகே” என்றார் அன்று கொட்டகையில் இசோமுரா. “இன்னொண்ணு வேண்டாம்.”

வேலை முடிந்தால் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து நன்றி சொல்வது சினிமாக்காரர்கள் வழக்கம். சிகுசா ஈரக் கைகளைத் தொங்கவிட்டபடி வரிசையாகப் போனாள். டைரக்டர் முன்னால் குனிந்தாள். கேமராக்காரர் முன்னால் குனிந்தாள். கியோமி பெட்டியிலிருந்து இறங்கி நின்றாள். சொல்லிவிட வேண்டும், நான் உன்னைக் கெடுக்கத்தான் பார்த்தேன்டி என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று உதடு துடித்தது.

சிகுசா அவள் முன்னால் வந்தாள். மற்றவர்களுக்குக் குனிந்த அதே அளவு குனிந்தாள்.

“ரொம்பச் சிரமப்பட்டீங்க. நன்றிங்க” என்றாள்.

அவள் கண்கள் கியோமியின் முகத்தில்தான் இருந்தன. ஆனால் அவள் இன்னும் அந்தக் கூடையின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எதிரில் நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

கியோமிக்குக் கோபம் வரவில்லை. அவளும் குனிந்தாள். தோழிக்குக் குனிகிற அளவுக்கு இல்லை, பெரிய நடிகைக்குக் குனிகிற அளவுக்கு, இடுப்பு மடியக் குனிந்தாள். அவள் நிமிர்ந்தபோது சிகுசா அடுத்து நின்ற லைட்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.