வாசகர் கொப்பியில் எழுதியவர்கள்

ருவான்வெல்லைக்கு மேலே இருந்த ஒரு இறப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள் சுதர்ஷினி. தாய்மார் மரத்தில் பால் வெட்டப் போயிருக்கும்போது அவர்களுடைய கைக்குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பதும் தொட்டிலாட்டுவதும் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலை ஒட்டிய சின்ன அறையைத் திறந்து வைப்பாள். அதுதான் தோட்டத்து நூலகம். பஜாரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த நிலாம், எடைக்கு வரும் புத்தகங்களில் கிழியாததாகப் பார்த்து அவளுக்கென்று ஒதுக்கி வைப்பார்.

புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் அங்கே வைத்திருந்த வாசகர் கொப்பியில் இரண்டு வரியாவது அபிப்பிராயம் எழுத வேண்டும் என்று சுதர்ஷினி ஒரு சட்டம் போட்டிருந்தாள். வெட்கப்படுகிறவர்கள் பெயர் போடத் தேவையில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆனி மாதம், அட்டை போன ஒரு நாவல் நிலாம் கொடுத்த புத்தகக் கட்டோடு வந்தது. தனியாகப் போகும் பெண்களை ஒருவன் ஒவ்வொருத்தியாகக் கொல்கிறான். ஒவ்வொருத்தியிடமிருந்தும் ஒரு பொருளை எடுத்துப் பத்திரப்படுத்துகிறான். அதுதான் கதை. மூன்று மாதத்தில் பத்தொன்பது பேர் அதைப் படித்தார்கள். முதல் பக்கத்தைத் தொட்டதிலிருந்து அரிசி உலையில் வைக்க மறந்துபோனதாகத் துஷ்யந்தி எழுதியிருந்தாள். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகத் தினேஷ் பீற்றியிருந்தான். அதற்குக் கீழே யாரோ “பொய்” என்று எழுதியிருந்தார்கள். வாச்சர் ஜோன் அச்சடித்த மாதிரி அழகான எழுத்தில் எழுதி, பெயரும் போட்டிருந்தார்: “விறுவிறுப்பான கதை. ஆனால் முடிவு நம்பும்படியாக இல்லை. இவ்வளவு நிதானமான ஒருவன் கடைசியில் ஏன் அகப்பட வேண்டும்?”

சுதர்ஷினி அதைப் படித்துச் சிரித்தாள். ஜோன் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். இறப்பர் மலைகளைச் சுற்றிக் காவல் பார்ப்பவர். யாரிடமும் குரல் உயர்த்தியது கிடையாது.

ஆவணியில் ஒரு ஞாயிறு. எல்லோரும் போன பிறகு, அறையைப் பூட்டுமுன் அவள் கொப்பியைப் புரட்டினாள். நடுப்பகல். வெளியே காற்றே இல்லை. இறப்பர் காய்கள் முற்றி வெடிக்கும் காலம் அது. ஓரிடத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு வெகுநேரம் ஒன்றுமிருக்காது. கடைசிப் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு அபிப்பிராயம் இருந்தது.

“இதை எழுதியவர் கழுத்து நெரிபட்டுச் செத்தவர்களைப் பார்த்ததில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். கதையில் அது இல்லை. நான் இரண்டு பேரிடம் பார்த்தேன். இரண்டு பேருக்கும் இடது காதில் தோடு இல்லை.”

அவள் அதை மறுபடி படித்தாள். 

அந்தத் தோட்டத்தில் அண்மையில் தனியாகப் போன இடத்தில் செத்த பெண்கள் இரண்டு பேர். தொண்ணூற்றைந்தில் வெள்ளையம்மா ஓயா ஆற்றில் கிடந்தாள். கால் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். போன வருஷம் மருதாயி ஆறாம் நம்பர் மலையில் பாறைக்குக் கீழே கிடந்தாள். அதுவும் தவறி விழுந்ததுதான். மருதாயியைக் குளிப்பாட்டிய நான்கு பெண்களில் சுதர்ஷினியும் ஒருத்தி. இடது காது மூளியாக இருந்ததை அவள் கண்டாள். உடம்பெல்லாம் காயம், தோடும் விழுந்த இடத்தில் தெறித்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

எழுத்து அவளுக்குப் பழக்கமானது. பிள்ளைகளின் நிறை எழுதும் அட்டையில் மாதா மாதம் அவள் பார்க்கிற எழுத்து. தோட்டத்து மருந்துக்காரர் ரொபர்ட் ஐயாவினுடையது.

மறுநாள் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கப் போகிற சாக்கில் டிஸ்பென்சரிக்குப் போனாள். கொப்பியை மேசையில் விரித்து வைத்தாள். அவர் மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு சாவிலும் கழுத்தில் விரல் பதிந்திருந்ததைப் பார்த்ததாகவும், வெள்ளையம்மா செத்தபோதே துரையின் பெரிய பங்களாவில் போய்ச் சொன்னதாகவும், தோட்டத்துக்குக் கெட்ட பெயர் வரும், தவறி விழுந்ததாகவே இருக்கட்டும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேலை போனால் இருக்கிற வீடும் போகும்.

“பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட வாய் வரல,” என்றார். “பேர் போடாம எழுதலாம்னு நீதான சொன்ன.”

சுதர்ஷினிக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை.

“வெள்ளையம்மாவுக்கு நீங்க பேசியிருந்தீங்கன்னா மருதாயி இன்னைக்கு இருப்பாளே ஐயா.”

 அவர் இருமல் மருந்தை ஊற்றிப் போத்தலை மூடிக் கொடுத்தார். மூடி சரியாக மாட்டவில்லை. 

அன்றிலிருந்து சுதர்ஷினி தோட்டத்து ஆண்களின் முகங்களையெல்லாம் பார்க்கத் தொடங்கினாள். பிள்ளையைத் தூக்க வரும் தகப்பன்மாரின் கைகளைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை விரல்களை நெட்டி முறித்தபோது ஓரடி பின்வாங்கினாள். சாயங்காலம் வேலை முடிந்து குறுக்குப் பாதையில் லயத்து வீட்டுக்கு இறங்கும்போது, பின்னால் ஒரு காய் வெடித்தால் ஓடினாள். ஒரு நாள் அப்படி ஓடி வந்தவளை வாச்சர் ஜோன்தான் மறித்து, என்னம்மா பயம் என்று விசாரித்து, போக்குப் பாலம் தாண்டும்வரை டோர்ச் அடித்துக்கொண்டு நின்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு நூலகத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருத்தி மரியம்மா. ஜோனின் இரண்டாம் தாரம், இருபத்திரண்டு வயது. ஜோனின் முதல் பெண்சாதி சரோன் ஐந்து வருஷத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். போனவள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அங்கே வேறொருவனோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று ஜோன் சொல்லி அழுதபோது தோட்டமே அவருக்காக வருத்தப்பட்டது. அதே நாவலை ஜோன் இரண்டாம் முறையும் வாங்கிப் போயிருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் மரியம்மா வந்தாள். கொப்பியை எடுத்துக்கொண்டு மூலையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சுதர்ஷினியிடம் பென்சில் கேட்டாள். எழுதிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரொபர்ட் ஐயாவின் வரிகளுக்குக் கீழே, பள்ளிக்கூடம் அதிகம் போகாத எழுத்தில் இருந்தது:

“இரண்டு இல்லை. மூன்று.”

சுதர்ஷினி அறையைத் திறந்தபடியே விட்டு ஓடினாள். மரியம்மாவைக் கோயில் கிணற்றடியில் பிடித்தாள். யார் அந்த மூன்றாவது ஆள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மரியம்மாவே சொன்னாள்.

“அந்த அக்கா குவைத்துக்குப் போகலக்கா. பாஸ்போட்டு எங்க வீட்லதான் இருக்கு.”

கூரைத் தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் ஒரு பிஸ்கட் டின். எலி பிராண்டுகிறதென்று ஏறிப் பார்த்தபோது கிடைத்ததாம். உள்ளே சரோனின் பாஸ்போட், இரண்டு தோடுகள், ஒன்றுக்கொன்று சோடியில்லாதவை. எங்கே வைத்திருந்ததோ அங்கேயே திரும்ப வைத்துவிட்டு, நான்கு மாதமாக ஜோனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாவலை அவர் சத்தம் போட்டு அவளுக்கு வாசித்துக் காட்டுவாராம். கொலை வருகிற இடத்தில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்ப்பாராம்.

“நான் பாத்தது அவருக்குத் தெரியும்னுதான் நெனைக்கிறேன்,” என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் சுதர்ஷினியை உலுக்கியது.

அன்றைக்கே பொலிஸுக்குப் போனார்கள். ஜோன் பூசை முடிந்து பாடகர்களோடு தேத்தண்ணிக் கடையில் இருந்த நேரத்தில் மரியம்மா டின்னை எடுத்து வந்தாள். சுதர்ஷினி டிஸ்பென்சரியை ஒட்டிய வீட்டுக் கதவைத் தட்டி, வருகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். ரொபர்ட் ஐயா தன் மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

பொலிஸில் முதலில் மூன்று பேரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். யுத்த காலம், தமிழர்கள் தாமாகப் பொலிஸ் வாசலுக்கு வருவது அவர்களுக்கே புதிதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் கொப்பியைப் புரட்டி, “மொகக்த மே?” என்றார், இது என்னவென்று. கதைப் புத்தகத்துக்கு ஆட்கள் எழுதிய அபிப்பிராயம் என்று சுதர்ஷினி சிங்களத்தில் சொன்னதும் பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜோனுடைய வரிகளைச் சொன்னபோது அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. ரொபர்ட் ஐயா தான் பார்த்ததையும் மறைத்ததையும் நின்றபடியே சொன்னார். மரியம்மா டின்னைத் திறந்தாள்.

சாயங்காலம் ஜீப் வந்தது. ஜோன் ஓடவில்லை. கைகளை அவராகவே நீட்டினார். சுதர்ஷினியைக் கடந்து போகும்போது நின்று, எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னார்:

“இனிமே அந்தக் குறுக்குப் பாதையில தனியா போகாதீங்க தங்கச்சி.”

 துஷ்யந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைவிடப்பட்ட பழைய புகைக்கூடத்தில், இறப்பர் சீட் தொங்கவிட்ட கம்பிகளுக்குக் கீழே பொலிஸ் தோண்டியபோது, மூன்றாம் நாள் சரோன் கிடைத்தாள். விமான நிலையத்துக்குப் போக உடுத்தியிருந்த சேலையின் சரிகை மட்டும் கெடாமல் இருந்தது.

வழக்கு கேகாலையில் நான்கு வருஷம் நடந்தது. ஜோன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மரண தண்டனை விதித்தார்கள். தூக்கிலிடுகிற வழக்கம் நாட்டில் நின்றுபோயிருந்ததால் சிறையிலேயே இருந்தார். ரொபர்ட் ஐயாவுக்கு வேலை போயிற்று. வீட்டையும் விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் வந்து சாட்சி சொன்னார். மருதாயியின் புருஷன் நீதிமன்ற வாசலில் ஒருமுறை அவர் முகத்தில் காறித் துப்பினான். அவர் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்கெல்லாம் முன், சரோனை அடக்கம் செய்த அன்று அவள் தாய் அரநாயக்கவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.  எல்லோரும் கலைந்த பிறகு சுதர்ஷினியிடம் வந்தாள். தாயை மறந்தவள் என்று ஐந்து வருஷமாக மகளைத் திட்டியிருக்கிறாள். வீட்டிலிருந்த ஒரே படத்தை அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

“அந்தப் பாஸ்போட்டுல அவ மொகம் இருக்குமில்ல?” என்று கேட்டாள். “வழக்கு முடிஞ்சா குடுப்பாங்களா?”

கேட்டு வாங்கித் தருகிறேன் என்றாள் சுதர்ஷினி.

மரியம்மா கல்லறைச் சுவரோரம் தனியே நின்றிருந்தாள். அவளைப் பக்கத்தில் சேர்க்க லயத்தில் எவருக்கும் மனம் வரவில்லை; கொலைகாரன் பெண்சாதி என்றார்கள். அது யாரென்று சரோனின் தாய் விசாரித்தாள். டின்னைக் கொண்டு போனவள் அவள்தான் என்று சுதர்ஷினி சொன்னாள். கிழவி நேரே நடந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். போகிறதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள். மரியம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

மூன்று மணி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். மரியம்மாவின் துணிகள் ஒரு சீனிச் சாக்குக்குள் அடங்கிவிட்டன. கிழவி சாக்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள்.